வாடுவதும் ஒரு வேலைதான்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் காய் பழமாவதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழத்தை விட்டுவிட்டுப் பூவைப் பிடித்துக்கொண்டன. ஒரு வகையில் நியாயம்தான், இரண்டு கதையிலும் பெரும்பாலும் எத்திலீன் என்ற ஒரே வாயுதான் வருகிறது. தாவர உடலியங்கியல் செய்முறை வகுப்புகளிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் நான், அதனால் சில பதில்கள் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்னேஷன் பூக்கள் குவளையில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் என்றார்கள். எனக்கு இரண்டே நாளில் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு மூடிக்கொண்டன. தண்ணீரைத் தினமும் மாற்றினேன். மேஜையில் ஆப்பிள் கூடைக்குப் பக்கத்தில், நிழலில்தான் வைத்திருந்தேன். என்ன குறை?

குறையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஆப்பிள் கூடை.

கார்னேஷன் எப்படி வாடியது என்பதைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். தண்ணீர் போதாமல் போனால் இதழ் தொய்ந்து விழும். எத்திலீன் வாயு பட்டால் இதழ்களின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருளும், பூ மறுபடி மொட்டாகப் பார்ப்பது போல இருக்கும். பழுத்த ஆப்பிள் எத்திலீனை ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

இது பழைய கதை. நிலக்கரி வாயுவில் விளக்கு எரித்த காலத்தில், கசியும் வாயு பட்டுச் செடிகள் கெட்டுப்போவது தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வகக் காற்றில் பட்டாணி நாற்றுகள் மேலே வளராமல் பக்கவாட்டில் வளர்வதைக் கவனித்தார். விளக்கு வாயுவில் உள்ள எத்திலீன்தான் காரணம் என்று 1901இல் எழுதினார். 1908இல் ஷிகாகோவில் கிராக்கரும் நைட்டும் கார்னேஷனை வைத்தே சோதித்தார்கள். 20 லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு எத்திலீன் கலந்தாலே போதும், விரிந்த பூ 12 மணி நேரத்தில் மூடிக்கொண்டது. உங்கள் மேஜையில் நடந்ததும் ஏறக்குறைய அந்தச் சோதனைதான்.

ஆனால் எல்லாப் பழியையும் ஆப்பிள் மேல் போடக் கூடாது. பூவே எத்திலீனைத் தயாரிக்கும். தொடக்கப் பொருள் மெத்தியோனின் என்ற சாதாரண அமினோ அமிலம். அது முதலில் எஸ்-அடினோசைல் மெத்தியோனின் ஆகும். ஏசிசி சிந்தேஸ் என்ற நொதி அதை ஏசிசி என்ற சிறு மூலக்கூறாக மாற்றும். ஏசிசி ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி, இரும்பு, வைட்டமின் சி, ஆக்சிஜன் மூன்றின் துணையோடு அதை எத்திலீனாக்கும். நடுவில் இருக்கும் இந்த ஏசிசியை 1979இல் கலிஃபோர்னியாவில் ஆடம்ஸும் யாங்கும் கண்டுபிடித்தார்கள். பொதுவாக இந்தப் பாதையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஏசிசி சிந்தேஸ்தான். கடைசிப் படியில் எத்திலீனோடு சயனைடும் வெளிவரும். பயப்படாதீர்கள், அதைப் பிடித்து நச்சில்லாத பொருளாக்கும் நொதி செடியிடமே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இதழுக்குள் நுழையும் எத்திலீன் இந்த இரண்டு நொதிகளின் மரபணுக்களையும் தட்டி எழுப்பும். அதனால் இன்னும் எத்திலீன், அதனால் இன்னும் நொதி. ஒருமுறை ஏற ஆரம்பித்தால் சுருள்வதில்தான் போய் முடியும். ஆப்பிள் உங்கள் பூவுக்கு அந்த முதல் தள்ளலைக் கொடுத்துவிட்டது.

கேள்வி: அந்த முதல் தள்ளல் வெளியிலிருந்து வராவிட்டால், பூவுக்குள் அது எங்கே தொடங்குகிறது? இதழிலா?

பெரும்பாலும் இதழில் இல்லை. மாணவர்களுக்கு இதைக் காட்டுவதற்கென்றே ஒரு செய்முறை வைத்திருந்தேன். ஒவ்வொரு கார்னேஷனையும் தனித்தனிப் புட்டியில் அடைத்து, ரப்பர் மூடி வழியாக ஊசியால் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவியில் செலுத்துவோம். இளம் பூவின் காற்றுக்குத் தாளில் கோடு ஏறக்குறைய தட்டையாக ஓடும். நாள் போகப் போக எத்திலீன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு தெரியும். இதழ் விளிம்பில் முதல் சுருக்கம் விழுகிற நேரத்தில் அந்தப் புடைப்பு மலையாக நிற்கும்.

அடுத்த முறை பூவைப் பிரித்து, இதழ்களை ஒரு புட்டியிலும், பின்னால் காயாகும் நடுப்பகுதியான சூலகத்தை இன்னொரு புட்டியிலும் போடுவோம். முதலில் எழும்புவது சூலகம் இருக்கும் புட்டிதான். மெல்லிய இடுக்கியால் சூலகத்தை முழுதாக எடுத்துவிட்ட பூக்களை ஒரு வரிசையாக வைப்போம். அவற்றின் இதழ்கள் பக்கத்து வரிசை சுருண்ட பிறகும் அசையாமல் நிற்கும். “இதழுக்கு வயசே ஆகலையா மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வயதாகியிருந்தது, கட்டளைதான் வரவில்லை.

கேள்வி: என் ஆர்க்கிட் பூக்கள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. விளையாட்டாக ஒரு பூவின் மகரந்தத்தைக் குச்சியால் எடுத்து இன்னொன்றில் வைத்தேன். அந்தப் பூ மட்டும் ஓரிரு நாளில் தொங்கிவிட்டது. கை பட்டதால் கெட்டதா?

கை பட்டதால் இல்லை, காரியம் முடிந்ததால். ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் பூ, மகரந்தம் வராதவரை இரண்டு மூன்று மாதம்கூடக் காத்திருக்கும். மகரந்தம் வந்து ஒட்டியதும் அதை ஏற்கும் இடமான சூல்முடியில் ஏசிசி சிந்தேஸ் விழித்துக்கொள்ளும், அங்கே தொடங்கும் செய்தி சூலகம் வழியாக இதழ்களுக்குப் போகும். இந்தப் பூவில் மகரந்தம் விழும்வரை சூலகம் முழுதாக வளர்ந்திருக்காது. அதை வளரச் சொல்வதும் இதழைச் சுருளச் சொல்வதும் ஒரே நிகழ்வின் இரண்டு கிளைகள். பெட்யூனியாவிலும் மகரந்தம் விழுந்த பூ, விழாத பூவைவிட நாள்கணக்கில் முன்னதாக வாடும்.

இனி பூச்சியை வரவழைத்துப் பயனில்லை என்று ஆனபின் அவ்வளவு பெரிய இதழை நீரும் சர்க்கரையும் கொடுத்துப் பராமரிப்பது செடிக்கு வீண் செலவு. அப்புறம், அந்தப் பூவின் காம்பைக் கவனியுங்கள், தடிக்க ஆரம்பித்தால் காய் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: வாடுவது, அழுகுவது எல்லாம் ஒன்றுதானே? பறித்த பூ செத்துப்போகிறது, அவ்வளவுதான். இதில் மரபணுவுக்கும் நொதிக்கும் என்ன வேலை?

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். அழுகுவது கிருமிகள் செய்வது. வாடுவது பூ தானாகச் செய்வது, அதற்குப் பூ உயிரோடு இருக்க வேண்டும்.

ஆதாரம் எளிமையானது. செல் புதிய புரதம் செய்வதைத் தடுக்கும் சைக்ளோஹெக்ஸிமைடு என்ற மருந்து இருக்கிறது. ஒரு உயிர்ப்பொருளுக்கு அதைக் கொடுத்தால் சீக்கிரம் சாக வேண்டும் என்றுதான் தோன்றும். டேலிலி, ஐரிஸ், கார்னேஷன் போன்ற பூக்களில் நேர்மாறாக நடக்கிறது, இதழ் வாடுவது தள்ளிப்போகிறது. வாடுவதற்கு வேண்டிய புரதங்களை இதழ் புதிதாகத் தயாரித்தாக வேண்டும், தயாரிப்பை நிறுத்தினால் வாடுவதும் நிற்கிறது. தேய்ந்து ஓய்ந்து சாகிற பொருள் இப்படி நடந்துகொள்ளாது.

என்ன தயாரிக்கிறது என்று பார்த்தால், முதலில் கண்ணில் படுவது புரதங்களை வெட்டும் சிஸ்டீன் புரோட்டியேஸ் நொதிகள். மூப்பின் அடையாளம் என்று ஆய்வாளர்கள் நம்பிப் பார்க்கும் எஸ்ஏஜி12 என்ற மரபணுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கார்னேஷன், பெட்யூனியா, டேலிலி மூன்றிலும் இதன் உறவினர்கள் வாடும் வேளையில் தலைதூக்குகிறார்கள். அடுத்து டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் துண்டாக்கும் நியூக்ளியேஸ்கள். பிறகு சவ்வின் கொழுப்பை அறுக்கும் லைப்பேஸ்கள், அந்தக் கொழுப்பமிலங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் லிப்பாக்ஸிஜினேஸ். இவற்றோடு செல் தன் உறுப்புகளைச் சிறு சிறு பைகளாக மடித்து, வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பைக்குள் தள்ளிக் கரைக்கும் தன்விழுங்கல் வேலையும் நடக்கும். கடைசியில் வாக்குவோலின் சவ்வே கிழியும். அதுவரை உள்ளே அடைபட்டிருந்த நொதிகள் செல் முழுக்கப் பரவும், அத்தோடு செல்லின் கதை முடியும்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? பழைய வீட்டை இடிக்கிறவர்கள் முதலில் கதவு, ஜன்னல், உத்தரங்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் சுவரில் கை வைப்பார்கள். பூவும் அப்படித்தான். புரதத்தை வெட்டினால் அமினோ அமிலம் கிடைக்கும், அதில் நைட்ரஜன் இருக்கிறது. டிஎன்ஏ, ஆர்என்ஏவை வெட்டினால் பாஸ்பரஸ். பெட்யூனியாவின் இதழில் வாடும்போது இந்த இரண்டும் குறைகின்றன, கூடவே பாஸ்பேட்டைக் கடத்தும் ஒரு புரதத்தின் மரபணு சுறுசுறுப்பாகிறது. சரக்கு வளரும் சூலகத்துக்கோ செடியின் மற்ற பாகங்களுக்கோ போய்ச் சேர்கிறது. செல்லின் உட்கருவும் கடத்தும் குழாய்களும் கடைசிவரை தாக்குப்பிடிப்பது இந்த ஏற்றுமதிக்காகத்தான்.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஐரிஸ் பூவின் இதழை நுண்ணோக்கியில் குறுக்குவெட்டாகப் பார்த்தால், நடுப்படலச் செல்கள் பல, மேல்தோல் செல்களுக்கு முன்பாகவே இறந்து சுருங்கிக் கிடக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

கேள்வி: கல்லூரியில் எத்திலீன் ஏற்பி பற்றிப் படிக்கிறேன். எத்திலீன் வந்து ஒட்டினால் ஏற்பி “நின்றுவிடும்” என்கிறது பாடம். நின்றுவிட்டால் செய்தி எப்படிப் போகும்?

எல்லா மாணவர்களும் தடுக்கி விழும் இடம் இது. ஏற்பி என்பது எத்திலீனைப் பிடித்துச் செல்லுக்குத் தெரிவிக்கும் புரதம். எத்திலீன் இல்லாத நேரத்தில்தான் அது வேலையில் இருக்கிறது. அப்போது ஏற்பி சிடிஆர்1 என்ற நொதியை ஓடவைக்கும், சிடிஆர்1 அடுத்ததாக உள்ள ஈஐஎன்2 புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அடக்கி வைக்கும். எத்திலீன் வந்து ஏற்பியில் உட்கார்ந்ததும் இந்த அடக்குமுறை நிற்கிறது. ஈஐஎன்2இன் வால் பகுதி அறுந்து செல்லின் உட்கருவுக்குப் போகிறது, அங்கே ஈஐஎன்3 என்ற புரதம் சிதையாமல் நிலைத்து, மூப்பு மரபணுக்களை இயக்குகிறது. ஆக செய்தி என்பது தடை நீங்குவதுதான். ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இப்படி ஐந்து ஏற்பிகள் உண்டு. முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஈடிஆர்1, 1993இல்.

தேர்வில் எழுத இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்திலீன் ஒட்டுவதற்கு ஏற்பியில் ஒரு செப்பு அயனி வேண்டும். வெள்ளி அயனி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் எத்திலீன் வந்து ஒட்டினாலும் ஏற்பி அசையாது. வெள்ளி தயோசல்ஃபேட் கரைசலில் ஊறிய கார்னேஷன் பல நாள் கூடுதலாக நிற்பதன் ரகசியம் அதுதான். மிச்சக் கரைசலை எங்கே கொட்டுவது என்பது தீராத தலைவலி, வெள்ளி ஒரு கன உலோகம் அல்லவா? 1990களில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன் என்ற வாயுவைக் கொண்டுவந்தார்கள். அது எத்திலீனின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது, ஆனால் தடையையும் நீக்காது. செல் புதிய ஏற்பிகளைச் செய்துகொள்ளும் வரையில்தான் இந்தப் பாதுகாப்பு.

கேள்வி: அப்படியானால் எத்திலீனைத் தடுத்தால் எந்தப் பூவும் வாடாது, சரியா? டேலிலிக்கு முயன்று பார்த்தேன், மறுநாளே போய்விட்டது.

சரியில்லை. கார்னேஷன், பெட்யூனியா, ஆர்க்கிட் ஆகியவை எத்திலீன் சொல் கேட்பவை. டேலிலி, ஐரிஸ், துலிப், கிளாடியோலஸ், லில்லி பெரிதாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரோஜா வகைக்கு வகை மாறும். எத்திலீன் பேசாத டேலிலியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறுகிறது. தொடங்கி வைப்பவர் வேறாக இருந்தாலும் பின்னால் வரும் புரோட்டியேஸ், நியூக்ளியேஸ் கூட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த ஆய்வு ஜப்பானிய மார்னிங் குளோரியில் நடந்தது. விடியலில் விரிந்து அன்றைக்கே சுருங்கும் பூ அது. 2014இல் அங்குள்ள ஆய்வாளர்கள் எஃபெமரல்1 என்ற ஒரு மரபணுவைக் காட்டினார்கள். அது என்ஏசி வகையைச் சேர்ந்தது, மற்ற மரபணுக்களை இயக்கும் புரதத்துக்கானது. அதை அடக்கிய செடிகளில் பூவின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பானது, நேற்றைய பூவும் இன்றைய பூவும் ஒரே கொடியில் சேர்ந்து நின்றன. எத்திலீனைத் தொடாமலேயே இது நடந்தது. என்னைக் கேட்டால், இனி வெட்டுப்பூ ஆராய்ச்சி போக வேண்டிய திசை இதுதான், வாயுவைத் துரத்தி அலுத்துவிட்டது.

கேள்வி: ஆஸ்பிரின், செப்புக் காசு, சர்க்கரை. எது வேலை செய்யும்? ரோஜா தலை கவிழ்வதற்கு என்ன மருந்து?

செப்புக் காசு போடுவது மனத்திருப்திக்கு. அதிலிருந்து தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. ஆஸ்பிரினின் உறவான சாலிசிலிக் அமிலம் ஆய்வகத்தில் ஏசிசி ஆக்சிடேஸைத் தடுக்கும் என்பது உண்மை, அதற்காகக் குவளையில் மாத்திரை போட்டு அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். சர்க்கரை வேலை செய்யும், இதழுக்கு எரிபொருள், எத்திலீனின் வீச்சையும் மட்டுப்படுத்தும். தனியாகப் போட்டால் பாக்டீரியாவுக்கும் விருந்துதான், கிருமிநாசினியோடு சேர்த்தே போடுங்கள்.

ரோஜா தலை கவிழ்வது பெரும்பாலும் தண்ணீர்ப் பிரச்சினை. தண்டின் குழாயில் காற்றோ பாக்டீரியாவோ அடைத்திருக்கும். நீருக்கடியில் தண்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, கழுத்து வரை நீரில் கிடத்துங்கள்.

கேள்வி: வாடாத பூச்செடியை மரபணு மாற்றத்தில் உருவாக்கினால் என்ன?

உருவாக்கிப் பார்த்தார்கள். எத்திலீனைப் பிடிக்க முடியாத மாதிரி பழுதான ஈடிஆர்1 மரபணுவை அராபிடாப்சிஸிலிருந்து எடுத்துப் பெட்யூனியாவில் வைத்தார்கள், 1997இல் முடிவு வெளியானது. மகரந்தம் விழுந்த பிறகும் பூ நாள்கணக்கில் நின்றது. ஆனால் எத்திலீன் செடியில் பூவை மட்டுமா பார்த்துக்கொள்கிறது? அந்தச் செடிகளின் தண்டை வெட்டி நட்டால் வேர் விடத் தடுமாறியது, நாற்றுகள் நோய்க்குச் சுலபமாகப் பலியாயின. பழுதான மரபணுவை இதழில் மட்டும் இயங்கும்படி கட்டுப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். செடி முழுவதையும் செவிடாக்குவது அளவுக்கு மீறிய வைத்தியம்.

கேள்வி: தொட்டியில் உள்ள பெட்யூனியாவின் வாடிய இதழ்களைத் தினமும் உருவி எடுக்கிறேன். ஆனாலும் புதுப் பூ குறைகிறது. ஏன்?

நீங்கள் உருவுவது வேலை முடிந்த பகுதியை. இதழிலிருந்து போக வேண்டியது ஏற்கெனவே சூலகத்துக்குப் போய்விட்டது, அது இப்போது விதையாகிக்கொண்டிருக்கிறது, செடியின் உணவையும் இழுக்கிறது. வாடிய குழலுக்குக் கீழே, பச்சைப் புல்லி வட்டத்துக்குள் ஒரு சின்னக் கூம்பு இருக்கும். அதையும் சேர்த்துக் காம்போடு கிள்ளிவிடுங்கள்.